காஜா பாயும் நான் வெட்டிய இரண்டு சொற்களும்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, மாட்டுங்காவில் உள்ள என் அச்சகத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகைக்குப் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாராவியிலிருந்து காஜா பாயின் மைத்துனர் வந்தார். வாசலிலேயே நின்று, "மச்சான் மவுத்தாயிட்டாக சார். சாயந்தரம் அஸர் தொழுகை முடிஞ்சதும் எடுக்கோம்" என்றார். உள்ளே வாருங்கள் என்று நான் சொல்வதற்குள் அடுத்த இடத்துக்குச் சாவு சொல்லப் போய்விட்டார். மீதி இருந்த நாலு வரியையும் படித்து, விட்டுப்போயிருந்த ஒரு புள்ளியை வைத்துவிட்டுத்தான் நான் எழுந்தேன். அப்படிப்பட்ட ஆள் நான். இதை எழுதுகிறவன் யார் என்பது முதலிலேயே தெரிந்திருக்கட்டும்.

பாயை அறியாதவர்களும் அவர் கைவேலையைப் பார்த்திருப்பார்கள். செம்பூர் கடைகளில் விற்கும் அப்பளக் கட்டின்மேல் இருக்கும் வளையல் கை, மாஹிம் குடைக்கடைப் பலகையில் நனையாமல் நிற்கும் கொக்கு, தாராவி தோல் பட்டறைகளின் செருப்புப் பெட்டிகள் எல்லாம் அவர் வரைந்தவை. எந்தக் கம்பெனியிலும் சம்பளத்துக்கு இருந்ததில்லை. கக்கத்தில் ஒரு பலகை, சட்டைப்பையில் நாலு பிரஷ், இவ்வளவுதான் அவருடைய ஆபீஸ். எழுத்தையும் அவரே வரைந்து தருவார். நான் சரிபார்ப்பேன், பிளாக் செய்து அச்சடிப்பேன். படம் அவருடையது, சொல் என்னுடையது என்று நானாகவே எல்லை வகுத்துக்கொண்டிருந்தேன்.

அவர் எனக்கு முதலில் கொண்டுவந்தது ஒரு ஊதுபத்திக் கூட்டின் படம். அதில் 'பத்தி' என்று எழுதியிருந்தார். நான் அதை அடித்து 'ஊதுவர்த்தி' என்று திருத்தினேன். "கடையில வந்து யாரு சார் வர்த்தி தாங்கன்னு கேக்கா? வாங்குறவ வாயில வர்றதைத்தானே எழுதணும்?" என்று சிரித்தார். அப்படியானால் இலக்கணம் எதற்கு என்று நான் எரிந்து விழுந்தேன். அவர் அப்படியே திருத்திக் கொடுத்தார். அந்தப் பெருமையில் நான் அன்று இரண்டு காப்பி வரவழைத்தேன். எங்கள் சிநேகம் அப்படித்தான் ஆரம்பித்தது, பல வருஷம் அப்படியே நடந்தது. ஒவ்வொரு தடவையும் நான்தான் ஜெயித்தேன்.

டிராம் வண்டிகள் நின்றுபோவதற்கு முந்தின வருஷம் அந்தத் தைலம் வந்தது. செம்பூரில் ஒருவர் மூட்டுவலிக்குக் கற்பூரத் தைலம் காய்ச்சி, கட்டைவிரல் உயரக் குப்பிகளில் அடைத்து விற்க ஆரம்பித்தார். பாய் லேபிளுக்கு ஒரு முழங்காலை வரைந்துகொண்டு போனார். தைலக்காரருக்குப் பிடிக்கவில்லை. குழந்தை முகம் போட்டால்தான் பெண்கள் வாங்குவார்கள் என்றார். வேண்டாவெறுப்பாகத்தான் பாய் குழந்தையை வரைந்தார், ஆனாலும் அது பார்ப்பவர் எடுத்துக் கொஞ்சும்படி இருந்தது. குழந்தையின் தலை பெரிசாகிவிட்டதால் கீழே எழுத்துக்கு இடம் குறைந்துபோயிற்று. பாய் அதில் 'மேலுக்குத் தடவ மட்டும். குடிக்காதீர்கள்' என்று நெருக்கி எழுதியிருந்தார்.

எனக்கு அந்த நெருக்கல் பொறுக்கவில்லை. "அச்சில் அப்பிண்டு போயிடும், பாய். 'மேலுக்கு மட்டும்' போதும். தைலத்தை யார் குடிக்கப் போறா?" என்றேன்.

அவர் பிரஷைக் கீழே வைத்தார். "சார், எங்க ஊர்ல மேலுன்னா உடம்பு. காச்ச வந்தா 'மேலுக்கு முடியல'ம்பாக. 'தடவ'ங்கிறதை எடுத்துட்டா உடம்புக்குக் குடிக்கிற மருந்துன்னு நெனச்சிருவாக."

"ஒவ்வொரு ஊர்ப் பேச்சையும் பார்த்துண்டிருந்தா லேபிள் போட முடியாது. எழுதுங்கோ."

அவர் பிரஷை மறுபடியும் எடுத்தார். நான் சொன்னபடியே எழுதினார். 'தடவ', 'குடிக்காதீர்கள்' என்ற இரண்டு சொற்களும் போயின.

பாய் குடியிருந்த சந்திலேயே, எதிர் வரிசையில் ஹனீபா என்ற தோல் தொழிலாளி இருந்தார். அவரும் பாயைப் போலத் திருநெல்வேலிப் பக்கம்தான். அவருடைய பதினான்கு மாதப் பெண்குழந்தைக்கு இருமலும் காய்ச்சலுமாக இருந்த ஒரு பகலில், பக்கத்து வீட்டுக்காரி அந்தக் குப்பியைக் கொடுத்திருக்கிறாள். அந்த வீட்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் ஹனீபா ஒருவர்தான். லேபிளில் இருந்த குழந்தைப் படத்தைப் பார்த்தார். கீழே எழுதியிருந்ததைப் படித்தார். "மேலுக்குன்னுதான் போட்டிருக்கு, குடு" என்று மனைவியிடம் சொன்னார். ஒரு கரண்டி கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் குழந்தைக்கு வலிப்பு வந்து, எல்லாம் முடிந்துவிட்டது.

மூன்றாம் நாள் நான் பாய் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருக்கு ஆறுதல் சொல்லப் போனேன் என்று சொல்லிக்கொண்டாலும், என் பெயர் வெளியே வந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன். நான் இருக்கும்போதே ஹனீபா உள்ளே வந்தார். குப்பியை நீட்டினார்.

"இதை எழுதுனது நீருதானா?"

"ஆமா ஹனீபா. என் எழுத்துதான்."

"நம்ம ஊர்க்காரரு நீரு. மேலுன்னா என்னன்னு உமக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றார் பாய்.

ஹனீபா அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. குப்பியைத் தரையில் வைத்துவிட்டுப் போனார். நான் ஒரு கஜ தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். என் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து அந்தச் சந்தில் பாயோடு யாரும் பேசவில்லை. அவர் மனைவி குழாயடிக்கு வந்தால் மற்றப் பெண்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். தைலக்காரர் லேபிளைக் கிழித்துப்போட்டு வேறு பெயரில் வேறு சரக்குக்குப் போய்விட்டார்.

ஒரே ஒரு தடவை கேட்டேன்: "ஏன் பாய் என் பெயரைச் சொல்லவில்லை?"

"அவன் பிள்ளையப் பறிகொடுத்தவன் சார். நீங்க வெட்டுனீங்க, நான் எழுதுனேன்னு அவன்கிட்டப் போய்ப் பங்கு பிரிக்கச் சொல்லுதீங்களா? உங்களுக்கு அந்த வார்த்தை தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சிருந்தும் எழுதுனேன்."

அதைக் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதும்போது என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது, ஆனால் அன்று இருந்தது நிம்மதிதான்.

அதற்குப் பிறகு அவர் குழந்தைப் படம் வரையவே இல்லை. பால்பவுடர் வேலை ஒன்று வந்தது, மறுத்துவிட்டார். எந்த வேலையையும் ஐந்து பேரிடம் காட்டாமல் என்னிடம் கொண்டுவர மாட்டார். படிக்கத் தெரியாதவர்களாகப் பார்த்து, "இது என்னத்துக்குன்னு சொல்லுங்க" என்று கேட்பார். தன் சந்தில் யாரும் பதில் சொல்லமாட்டார்கள் என்பதால் மாஹிம் ஸ்டேஷன் வாசலுக்குப் போய்க் காய்கறிக்காரிகளிடம் அரைகுறை மராத்தியில் கேட்டுக்கொண்டு நிற்பார். எலிப் பாஷாணப் பொட்டலம் ஒன்றுக்கு ஏழு தடவை படம் மாற்றினார். வாடிக்கைக்காரர் பொறுமை இழந்து வேறு ஆளிடம் போனார். அப்படிப் போனவர்கள் பலர். போன மாதம்கூட ஒரு ஃபினைல் லேபிளில் துடைப்பம் போட்டிருந்தார். ஒருத்தி "துடைப்பம் விற்கிறாயா?" என்று கேட்டாளாம். அதைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தார், இருமல் விடவில்லை. கைக்குட்டையை அவர் மடித்து மறைத்த வேகத்திலேயே அதில் ரத்தம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. டாக்டரிடம் போங்கள் என்று சொன்னேன். எல்லாரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை மாலை கபர்ஸ்தானுக்குப் போனேன். உடல் வைத்த சந்தூக்கைத் தூக்க ஆள் போதவில்லை. மைத்துனர், அவருடைய மகன், மாஹிம் குடைக்கடைக்காரர், பள்ளிவாசல் ஆள் ஒருவர், இந்த நாலு பேரும் வழி முழுக்க மாற்றுத் தோள் இல்லாமல் சுமந்தார்கள். சந்துக்காரர்கள் கொஞ்சம் தள்ளி வந்தார்கள். ஹனீபாவும் வந்தார். வாசலோடு நின்றுவிட்டார், உள்ளே வரவில்லை. அவரைத் தாண்டித்தான் நான் உள்ளே போனேன். அப்போதே சொல்லியிருக்கலாம். உடல் இறங்கட்டும், எல்லாம் முடியட்டும் என்று மனசு சாக்குச் சொன்னது. புரூஃப் திருத்துகிறவனுக்குப் பிழை கண்ணில் பட்ட உடனே கை போகவேண்டும். எனக்கு ஐந்து வருஷம் போகவில்லை. அன்றும் போகவில்லை.

எல்லாரும் மண் போட்டு முடித்துக் கலைந்த பிறகு வாசலுக்கு வந்தேன். ஹனீபாவிடம் சொன்னேன். பாய் முதலில் என்ன எழுதினார், நான் எதை வெட்டினேன், அவர் என்ன சொல்லித் தடுத்தார், நான் என்ன சொல்லி வாயை அடைத்தேன், எதையும் விடாமல் சொன்னேன். அடிப்பார் என்றுதான் இந்தத் தடவையும் எதிர்பார்த்தேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூடிய குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை ஒரு மணி நேரம் முந்திச் சொல்லியிருந்தா, நான் தோள் குடுத்திருப்பேனே சார்" என்றார்.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். குழி நிரம்பி மேடு கட்டிவிட்டிருந்தார்கள். அவர் குனிந்து ஓரத்திலிருந்து மூன்று பிடி மண் அள்ளிப் போட்டு, அது சரியாமல் இருக்க உள்ளங்கையால் தட்டிவிட்டு, அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

காஜா பாய், உங்கள் சந்தில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுக்க இதை என் பெயர் போட்டு அச்சடிக்கிறேன். உங்கள்மேல் கிடந்த பழியில் என் பங்கு இது. உங்கள் மனைவி நாளைக்குக் குழாயடியில் குடத்தை வைக்கும்போது யாரும் நகராமல் இருந்தால் போதும். உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. சென்று வாருங்கள்.