கடைசி இலக்கம் வரை அதே எண்

ஒரு நியூட்ரான் அணுக்கருவோடு வினைபுரிய எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று சொல்லும் எண்ணுக்குக் குறுக்குவெட்டு என்று பெயர். அதைத்தான் மலையூரான அரவேணுவில் என் வீட்டுக் கணினியில் கணக்கிட்டேன். லட்சக்கணக்கான நியூட்ரான்களைத் திரைக்குள் சுட வேண்டும். பகடை உருட்டுவது மாதிரிதான். ஒவ்வொரு ஓட்டத்திலும் விடை கொஞ்சமாவது மாற வேண்டும்.

மாறவில்லை. ஒரு வாரமாக மழையில் மின்சாரம் தினமும் போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஓட்டினேன். கடைசி இலக்கம் வரை அதே எண். ஒவ்வொரு நியூட்ரானும் முன்பு செத்த இடத்திலேயே செத்தது. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி அசையாமல் நின்றது.

போனில் என் ஆய்வு வழிகாட்டி குதித்தார். "அருமைப்பா! பிழையே இல்ல. இன்னிக்கே ஆய்வேட்டுல சேர்த்து அனுப்பிடு."

டீ கொண்டுவந்த மனைவி திரையின் மூலையைப் பார்த்துச் சிரித்தாள். "ஏனுங்க, உங்க பொட்டிக்கு மட்டும் தினமும் சனவரி ஒண்ணுங்களா?"

கணினிக்குள் இருக்கும் கடிகார பேட்டரி செத்திருந்தது. மின்சாரம் போகும்போதெல்லாம் தேதி சனவரி ஒன்றுக்கே திரும்பியிருக்கிறது. விதை எண் ஒன்றேயானால் பகடையும் அதே வரிசையில்தான் விழும். நிரலில் அந்த விதை எண்ணாகத் தேதியை வைத்தது என் வழிகாட்டியேதான். அறிவுகெட்ட வேலை!

நான் அனுப்பவில்லை. வேறு விதை கொடுத்தேன். எண் மாறியது. ஆனால் அதே நிரலை ஓட்டிய அவருடைய பழைய மாணவர்களின் எண்களை யார் திரும்ப ஓட்டிப் பார்ப்பது?