செத்த மீனுக்கு ஒரு கும்பிடு

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் ஒரு சாவு. யாரும் அழவில்லை. என் கணவர் கும்பிடு போட்டார்!

செத்தது ஒரு கோல்ட் ஃபிஷ்.

"கண்ணு பட்டதையெல்லாம் அது வாங்கிட்டுப் போயிருச்சு. நமக்கு வர இருந்தது மீனோட போச்சு, உடு புள்ள" என்றார், அவ்வளவு நிம்மதியாக. எனக்கு வந்த கோபம் இருக்கிறதே...

பங்குனியில் எங்கள் லாரி பரமத்தி வேலூர் பக்கம் ஒரு புளியமரத்தில் உரசிவிட்டது. டிரைவருக்குக் கீறல்கூட இல்லை. ஆனாலும் யார் கண்ணோ பட்டுவிட்டதென்று இவருக்கு மனசு கேட்கவில்லை. வாஸ்து பார்ப்பவரைக் கூட்டிவந்தார். அவர் வீட்டைச் சுற்றிவந்து, ஹாலில் மேற்கு ஜன்னலோரம் மீன்தொட்டி வைக்கச் சொன்னார். வருகிறவர்கள் கண் முதலில் மீன் மேல் பட வேண்டுமாம். இவரும் இரண்டு மீன் வாங்கி விட்டார்; அதில் ஒன்றுக்கு வால் ஓரம் கறுப்பு.

மேற்கு ஜன்னல்! நாமக்கல் வெயில்!

மதியம் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் வெயில் உள்ளே வந்து தொட்டி மேல் உட்கார்ந்துவிடும். மேலே ஒரு மூடி. மூடிக்குள் பகலிலும் எரிகிற லைட். ஒருநாள் கை விட்டுப் பார்த்தேன்... குளிக்க விளாவி வைத்த வெந்நீர் மாதிரி இருந்தது.

தண்ணீர் சூடானால் அதில் காற்று குறைந்துவிடும். மீன்கள் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு சரசு என்ன சொன்னாள் தெரியுமா?

"ஏனுங்கக்கா, ஆளைப் பார்த்ததும் எப்படி ஓடியாந்து பேசுது பாருங்க!" செல்ஃபி வேறு எடுத்துக்கொண்டாள்.

ஆமாம், பேசியதுதான். 'என்னை இங்கிருந்து தூக்குங்கள்' என்று பேசியது!

தொட்டியை இடம் மாற்றலாம் என்று நான் சொல்லாத நாளில்லை. "வாஸ்துக்காரரு சொன்ன எடம்... அசைக்கக்கூடாது" என்பார் இவர். ஒருமுறை மட்டும் இரக்கப்பட்டு, ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ்கட்டிகளை அள்ளிக் கொட்ட வந்தார். பாய்ந்து தடுத்தேன். வெந்துகிடக்கிற உயிர் அந்தத் திடீர்க் குளிரைத் தாங்குமா?

கடைசியில் ஒன்று போயே போய்விட்டது. மிச்சம் இருந்தது அந்தக் கறுப்புவால்தான். அதுவும் மேலேயே கிடந்து தவித்தது. இவரோ பைக் சாவியை எடுத்தார். எதற்கு? செத்ததற்குப் பதில் புது மீன் வாங்க! அடுத்த திருஷ்டிக்கு ஆள் வேண்டாமா?

வாசலை மறித்து நின்றேன். "ஏனுங்க, அந்த ஜன்னலோரத்துல சித்த நேரம் உக்காருங்க. ஃபேன் கிடையாது. அப்புறம் கடைக்குப் போங்க."

"அதுல என்ன இருக்குது?" என்று சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

முதலில் சட்டையின் மேல் பட்டன் கழன்றது. பிறகு துண்டு வந்தது. பிறகு வாய் திறந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மீன், இந்தப் பக்கம் இவர்... இரண்டு பேரும் ஒரே மாதிரி மூச்சு வாங்கினார்கள். இவர் திரும்பி அதைப் பார்த்தார். எழுந்து சேரைத் தள்ளிவிட்டுத் தொட்டி ஓரத்தைப் பிடித்தார்.

"ஒரு கை புடி புள்ள" என்றார்.

மீனைத் தொட்டித் தண்ணீரோடு வாளியில் விட்டோம். தொட்டியை வெயில் எட்டாத நடைக்குக் கொண்டுபோனோம். மூடியைக் கழற்றி வலை கட்டினோம். லைட்டை அணைத்தேன். முந்தின நாளே பிடித்துவைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். தன் டேபிள் ஃபேனைத் தண்ணீர் மேல் திருப்பிவைத்தது அவரேதான். சாயங்காலம் அந்தக் கறுப்புவால் அடியில் இறங்கிக் கூழாங்கல்லை முகர்ந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் ஆத்திரம் இன்னும் தீரவில்லை. எவ்வளவு வசதியான ஏற்பாடு, பாருங்கள்! வெயிலில் வைத்துக் கொல்வதும் நாம்தான். நமக்காக உயிரைக் கொடுத்தது என்று கும்பிடுவதும் நாம்தான். கும்பிட்டுவிட்டால் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை அல்லவா?

நேற்று சரசு வந்தாள். நடையில் நீந்துகிற மீனைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது.

"இது இன்னுஞ் சாகலீங்களா? அப்ப கண்ணு பட்டது முழுசாக் கழியலையேங்க!"

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து இவர் குரல் வந்தது.

"வந்தா நாங்களே வாங்கிக்கறோம் சரசு. அது பாட்டுக்கு மூச்சு உடட்டும்!"