பக்கத்துளிர் கிள்ளிய நாள்

என் மகள் தன் கைப்பேசியில் என் எண்ணை 'வீடு' என்று பதிந்து வைத்திருக்கிறாள். அவளுடைய பேராசிரியரின் எண் 'இபு'. மலாயில் இபு என்றால் அம்மா. ஆய்வகத்தில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். மூத்த பெண்மணிகளை அப்படி அழைப்பது மலாயில் மரியாதைதான் என்று அவள் எனக்கு விளக்கினாள். எனக்குத் தெரியாதா? மலேசியாவில், தம்போய் என்ற ஊரில் ஓர் இடைநிலைப் பள்ளியில் இருபது வருடத்துக்கும் மேலாக அறிவியல் சொல்லிக் கொடுக்கிறேன். அதில் பாதி மலாயில். தெரிந்திருந்தும், சாப்பாட்டு மேசையில் அந்தக் கைப்பேசி ஒளிர்ந்து 'இபு' என்று காட்டும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அவள் முனைவர் பட்டத்துக்காகப் படிப்பது தக்காளிச் செடியின் மரபணுக்களை. மற்ற மரபணுக்களை வேலை செய்யச் சொல்லியும் சும்மா இருக்கச் சொல்லியும் ஏவுகிற மரபணுக்கள் உண்டு. ஒரே மூலத்திலிருந்து பிரிந்து, ஒன்றின் சாயல் இன்னொன்றில் இருப்பதால் அவற்றை ஒரு குடும்பம் என்கிறார்கள். அப்படி ஒரு குடும்பத்தில் இரண்டு அக்கா தங்கைகளை அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். இலை தண்டோடு சேரும் இடத்தில் உறங்கும் மொட்டுகளை, 'இப்போது வேண்டாம்' என்று அடக்கி வைப்பது அந்த இரண்டின் வேலை.

இதெல்லாம் அவள் என்னிடம் சொன்னதில்லை. இபுவோடு தொலைபேசியில் பேசியதை அடுப்படியிலிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான் கேட்டால், "அது நீளமான கதைம்மா" என்று முடித்துவிடுவாள். அந்த நீளமான கதையை இபுவிடம் ஒரு மணி நேரம் சொல்வாள், சிரித்துச் சிரித்து. வீட்டில் மீன் குழம்பு வைத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போகிற பெண், இபு கொண்டுவரும் அசாம் பெடாஸைக் கிண்ணத்தோடு குடித்ததாக ஒருநாள் சொன்னாள். அதுவும் மீன் குழம்புதானே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் குரலில் என்ன வெளிப்பட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அவளுக்கு டிங்கிக் காய்ச்சல் வந்தது பள்ளி விடுமுறையில். ஜொகூர் பாருவில் மருத்துவமனையில் சேர்த்தோம். ஒவ்வொரு காலையும் இரத்தம் எடுத்து, தட்டணுக்கள் இன்னும் இறங்கியிருக்கின்றன என்றார்கள். தாதி அந்தத் தாளோடு வார்டுக்குள் நுழையும்போதே எழுந்து நின்றுவிடுவேன். மூன்றாம் நாள் காலை, உதடு வெடித்துக் கிடந்தவள் கண்ணைத் திறந்து கேட்டது தண்ணீர். தனக்கல்ல, தக்காளிச் செடிகளுக்கு. பல்கலைக்கழகப் பசுமைக்கூடத்தில் சொட்டுநீர்க் குழாய் பழுதாகியிருந்தது. ஆய்வகத்தில் மற்றவர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். இபு தன் தங்கை மகளின் கல்யாணத்துக்காகப் பத்து பகாட் என்ற ஊருக்குப் போயிருந்தார்.

நான் போகிறேன் என்றேன். வெளியாட்கள் நுழையக் கூடாத இடம் அது. நுழைவு அட்டையை உடனே கொடுக்காமல் விரல்களுக்கிடையே திருப்பிக்கொண்டே இருந்தாள்.

"தண்ணி மட்டும் ஊத்துங்கம்மா. வேற எதையும் தொட வேணாம்."

கணவரை அவளோடு விட்டுவிட்டுக் கிளம்பினேன். பசுமைக்கூடத்தில் தொட்டிகள் வரிசையாக நின்றன. சில செடிகள் நெட்டையாக, ஒழுங்காக இருந்தன. ஒரு வரிசை மட்டும் தலைவிரி கோலமாக, ஒவ்வோர் இலையின் அடியிலிருந்தும் ஒரு கிளை புறப்பட்டு, புதராக நின்றது. வீட்டில் தக்காளி வளர்க்கிற யாருக்கும் கை பரபரக்கும். பக்கத்துளிர்களை விட்டால் செடியின் சத்தெல்லாம் இலைக்குப் போய்விடும், காய் பிடிக்காது. இவ்வளவு படித்த பெண்மணிக்கு இதுகூடத் தெரியவில்லையா, என் பிள்ளையின் செடிகளை இப்படியா பார்த்துக்கொள்வது என்று நினைத்தேன். நினைக்க இனிப்பாக இருந்தது.

முதல் தொட்டியில் ஓர் அட்டை செருகியிருந்தது. 'ஜாங்ஙான் சந்தாஸ்', அதாவது வெட்டாதீர். அந்த உருண்டைக் கையெழுத்தை, இபு என் மகளுக்குக் கொடுத்த பிறந்தநாள் வாழ்த்து அட்டையில் பார்த்திருக்கிறேன். சந்தாஸ் என்றால் கத்தரிக்கோல் போட்டுக் கிளையை வெட்டுவது. நான் செய்யப்போவது நகத்தால் கிள்ளுவது. அது வேறு, இது வேறு என்று எனக்கு நானே பாடம் நடத்தினேன். அந்த வரிசை முழுக்கக் கிள்ளினேன். மற்ற வரிசைகளிலும் ஒன்றிரண்டு இருந்ததை விடவில்லை. கிள்ளியதையெல்லாம் பைகளில் அள்ளிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, தண்ணீர் ஊற்றி, கைவிரல்களில் பச்சைக் கறையோடு வார்டுக்கு வந்தேன். பெருமையோடு சொல்லவும் செய்தேன்.

"எல்லாத்தையுமா கிள்ளினீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணு விடல."

அவள் கத்தவில்லை. கூரையைப் பார்த்தபடி சொன்னாள்: "அதைத்தாம்மா நான் எண்ணுறதா இருந்தேன்."

பிறகு, முதல்முறையாக, அந்த நீளமான கதையை எனக்குச் சொன்னாள். நாலே வாக்கியங்களில். அக்கா தங்கையில் ஒன்றை முடக்கினால் மற்றது ஓரளவு ஈடு கொடுக்கும், செடி பெரிதாக மாறாது. இரண்டையும் முடக்கினால் அடக்க ஆளில்லாமல் கிளைகள் பீறிடும். அந்தப் புதர் வரிசைதான் அவளுடைய நான்கு வருடப் படிப்பின் பதில்; பூத்த பிறகு எண்ணுவதற்காக விட்டு வைத்திருந்தாள். இன்னொரு தடவை விதைத்து வளர்க்க உதவித்தொகைக் காலம் மீதமில்லை.

என் முன்னாலேயே இபுவை அழைத்தாள். மலாயில் பேசினாள். மருத்துவமனைக்கு வரும் முன்பு காய்ச்சல் மயக்கத்தில் தானே எல்லாத் துளிரையும் கிள்ளிவிட்டதாகச் சொன்னாள். தன் தவறு என்றாள், இரண்டு தடவை. நான் கட்டிலின் கால்மாட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மறுத்துப் பேசியிருக்க வேண்டும். எழுதவே கூசுகிறது: எனக்காக அவள் இபுவிடம் பொய் சொல்கிறாள் என்று ஒரு கணம் எனக்குள் குளிர்ந்தது.

மறுநாள் காலை இபு வந்துவிட்டார், கல்யாண விருந்துக்குக்கூட நிற்காமல். என்னை மின்தூக்கிக்குப் பக்கத்தில் பார்த்ததும் முதலில் தட்டணு எவ்வளவு என்று விசாரித்தார். நேற்றைவிடக் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்றேன். கண்ணை மூடித் திறந்தார். அவருக்கும் என் வயதுதான். கையில் மருதாணி இன்னும் சிவந்திருந்தது. வரும் வழியில் பசுமைக்கூடத்துக்குப் போனதாகவும், கிள்ளிய இடங்கள் இன்னும் காய்ந்து கறுக்கவில்லை என்றும் சொன்னார். என் மகள் படுத்து நான்கு நாள் ஆகிறது என்றும் சொன்னார். பிறகு என் கைவிரல்களைப் பார்த்தார்.

நான்தான் செய்தேன் என்றேன். அட்டையைப் படித்துவிட்டுத்தான் செய்தேன் என்பதையும் சொன்னேன்.

அவர் என்னைத் தேற்றவில்லை. தன் மாணவர் யாராவது இப்படிச் செய்திருந்தால் அன்றே வெளியே அனுப்பியிருப்பேன் என்றார். பிறகு, மலாயில் ஆசிரியர்களை அழைக்கும் சொல்லால் என்னை அழைத்தார்.

"சிக்கு, எண்ணத் தெரியும்தானே?"

குத்தல்தான். ஆனால் வேலையும் இருந்தது. கிள்ளிய ஒவ்வொரு துளிரும் இலையடியில் ஒரு தழும்பை விட்டிருக்கும். கிளைகளின் நீளம் போனது போனதுதான். எத்தனை கிளை என்ற கணக்கையாவது தழும்புகளிலிருந்து மீட்கலாம். அன்று பகல் முழுக்க நாங்கள் இருவரும் தொட்டி தொட்டியாகக் குனிந்து நின்றோம். நான் தழும்பைத் தேடிச் சொல்ல, அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து எழுதினார். இடையில், என் மகள் வேலை செய்யும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பாளே, அது தமிழ்ப் பாட்டா என்று கேட்டார். அவள் முணுமுணுப்பாள் என்பதே எனக்குத் தெரியாது. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

தாள்களை என்னிடம் கொடுத்து, மகளிடம் காட்டச் சொன்னார். இபுவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன். தலையணையை நிமிர்த்தி உட்கார்ந்து, தாள்களை மடியில் விரித்தாள். ஒரு சிக்கல் இருந்தது. ஒரே இலையடியில் இரண்டு துளிர் ஒட்டி முளைத்திருந்தால், தழும்பு ஒன்றாகத்தான் தெரியும். அது இபுவுக்கும் தெரியாது, பூதக்கண்ணாடிக்கும் தெரியாது. கிள்ளியவளுக்குத்தான் தெரியும்.

பேனாவை எடுத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பன்னெண்டாவது செடி, மூணாவது இலை. ஒண்ணா, ரெண்டாம்மா?"

இந்த ஒரு கேள்விக்கு அவள் என்னிடம்தான் வர வேண்டும். எத்தனை வருடமாக நான் காத்திருந்த பார்வை அது. ரெண்டு என்று சொன்னால் எழுதிக்கொள்வாள். புதர் வரிசைச் செடி அது, கிளை கூடினால் அவளுடைய பதில் வலுக்கும், அவளுக்கு வேண்டியதும் ரெண்டாகத்தான் இருக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டிருந்தது. நான் கண்ணை மூடி அந்தச் செடியை நினைத்துப் பார்த்தேன். என் நகம் நினைவிருந்தது, இபுவின் மேல் இருந்த கோபம் நினைவிருந்தது. செடி நினைவில்லை.

"தெரியலம்மா. நான் பாக்கல."

தாளில் அந்தக் கட்டத்துக்குள் எண் எழுதாமல் வெறும் கோடு போட்டாள். பேனாவை அடுத்த வரிக்கு நகர்த்தினாள்.

"சரி. பதிமூணு?"