முழங்கை வழியே வந்த சத்தம்

அந்த நகைப் பட்டறையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காதுக்காரி என்றால்தான் தெரியும். கல் பதித்த நகை எதுவானாலும், பெட்டிக்குள் போகும் முன் அவள் காதுக்குப் போயாக வேண்டும். முழங்கையை மேசையில் அழுத்தி ஊன்றுவாள். மோதிரத்தை இரண்டு விரலால் காதோரம் பிடித்து, மறுகை நகத்தால் லேசாகச் சுண்டுவாள். கல் இறுகப் பிடித்திருந்தால் மோதிரம் வாய் திறக்காது. கல்லைக் கவ்விய கம்பிகளில் ஒன்று தளர்ந்திருந்தாலும் உள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சொல் வரும். அது வந்தால் சிவப்புத் தட்டு. வராவிட்டால் பச்சைத் தட்டு. சிவப்புத் தட்டுக்குப் போனதை முதலாளியே வந்து கேட்டாலும் திருப்பித் தரமாட்டாள்.

பாலிஷ் அறையில் முகமூடி கட்டிக்கொண்டு சக்கரத்தின் முன் நின்றவள்தான். துடைத்துக் கொடுக்கும்போதே இதில் கல் ஆடுகிறது, அதில் ஆடுகிறது என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் தர சோதனை மேசையையே கொடுத்துவிட்டார்கள். கணவர் லாரி ஓட்டுகிறவர், வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்து போவார். வீட்டிலும் அவள் கை சும்மா இருக்காது. டம்ளரைச் சுண்டுவாள், கதவுத் தாழ்ப்பாளைச் சுண்டுவாள். "பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே மாமாவ ஒரு சுண்டு சுண்டிப் பாத்துட்டுத்தான் சரின்னு தலையாட்டினா" என்று தங்கை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தத் தங்கையும் அந்த மேசை இருக்கும் கூடத்தில்தான் கல் பதிக்கிறாள். அக்காதான் சேர்த்துவிட்டாள். வாய் நீளம், கை அதைவிட நேர்த்தி. அவள் பதித்த கல் ஆடியதாகச் சரித்திரம் கிடையாது.

கோடை முடிந்ததும் தகடு உருட்டும் மெஷினை மேல்மாடிக்குத் தூக்கினார்கள். கீழ்த்தளத்தில் விற்பனைக் கூடம் பெரிதாக வேண்டுமாம். கயிறு கட்டி, உருளை வைத்து, ஆறேழு பேர் மூச்சுப் பிடித்து ஏற்றிய இரும்பு யானை அது. அது ஓடத் தொடங்கியதிலிருந்து நடுமாடியில் கல் பதிக்கும் கூடம் முழுக்க ஒரு முனகல். பேச்சைச் சற்று உரக்கப் பேசப் பழகிக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

காதுக்காரிக்கு மட்டும் அது அவ்வளவோடு நிற்கவில்லை. சிவப்புத் தட்டு நிறையத் தொடங்கியது. முன்பெல்லாம் ஒன்றிரண்டு விழும் இடத்தில் இப்போது கைப்பிடி கைப்பிடியாக விழுந்தது. அதிலும் தங்கையின் வேலைதான் அதிகம். விலை உயர்ந்த ஆர்டரெல்லாம் அவள் கைக்குத்தானே போகிறது. ஒவ்வொரு மோதிரமும் 'டிக்' என்றது. திரும்பிப் போன மோதிரத்தைத் தங்கை லென்ஸ் வைத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அப்படியே அனுப்புவாள். மறுபடியும் 'டிக்'. மறுபடியும் சிவப்பு.

சூப்பர்வைசர் நல்ல மனிதர்தான், ஆனால் ஆர்டர் தேதி அவர் கழுத்தில் உட்கார்ந்திருந்தது. இன்னும் ஒரு தட்டு திரும்பி வந்தால் தங்கை வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் தங்கை அக்காவின் எதிரில் உட்காரவில்லை. கை கழுவுமிடத்தில் வழிமறித்தாள்.

"கூடப் பொறந்தவன்னா கொஞ்சம் விட்டுக்குடுப்பாங்க. நீ என்னடான்னா தேடித் தேடிக் கழுத்தறுக்கிற."

"கேக்குதுடி. கேக்காத மாதிரி நடிக்கச் சொல்றியா?"

"அக்கா, கல்லு ஆடல. உனக்குக் காதுதான் ஆடுது."

அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. காது போய்விட்டால் அவளிடம் வேறு என்ன இருக்கிறது? தங்கை சொன்னதில் பாதி உண்மையாவது இருக்குமோ என்று, சிவப்புத் தட்டிலிருந்து ஒரு மோதிரத்தை எடுத்துக்கொண்டு, காவல்காரம்மாவையும் துணைக்கு அழைத்து, கீழே முற்றத்துக்குப் போனாள். தங்கம் வைத்த இடத்தில் தனியாக நகர முடியாது. முற்றத்தில் நின்று காதோரம் வைத்துச் சுண்டினாள். மோதிரம் வாய் திறக்கவில்லை. மறுபடி சுண்டினாள். ஊமை.

மேலே வந்து மேசையில் உட்கார்ந்து சுண்டினாள். 'டிக்.'

மோதிரத்தைக் கீழே வைத்துவிட்டு, வெறும் விரல்களைக் காதோரம் பிடித்தாள். சுண்டக்கூட இல்லை. 'டிக்.' முழங்கையை மேசையிலிருந்து தூக்கினாள். சத்தம் நின்றது. ஊன்றினாள். வந்தது.

சத்தம் மோதிரத்திலிருந்து வரவில்லை. முழங்கை எலும்பு வழியே ஏறி வந்துகொண்டிருந்தது.

அவளுடைய மேசை மற்ற மேசைகளைப் போலக் காலூன்றி நிற்பதல்ல. லென்ஸ் ஆடக்கூடாது என்று, கூடத்தின் நடுத்தூணிலேயே இரும்புச் சட்டம் அடித்துப் பொருத்தியது. இத்தனை நாளாக, தூண் சொன்னதைக் கேட்டுத் தங்கையின் மோதிரங்களைத் தண்டித்திருக்கிறாள்.

லென்ஸை எடுத்துத் தூணில் வைத்துப் பார்த்தாள். தலைமுடி அளவுக்கு ஒரு கீறல், மேலே உத்தரம் வந்து உட்காரும் இடத்தை நோக்கிப் போனது. கல்லை ஒட்டி எடுக்கும் மெழுகில் ஒரு துளி கிள்ளி, கீறலின் குறுக்கே அழுத்தி ஒட்டினாள். மறுநாள் காலையில் மெழுகு இரண்டாகப் பிளந்திருந்தது.

சூப்பர்வைசரிடம் மெழுகைக் காட்டினாள். அவர் மெழுகைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். சுண்ணாம்புப் பூச்சு வெடிக்காத கட்டிடம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஆர்டர் போகட்டும், கொத்தனாரை வரச் சொல்கிறேன் என்றார்.

"சார், மேல இருக்கற மெஷினையாவது நிறுத்தி வைங்க."

"காது சரியில்லன்னா சொல்லிடும்மா. பாலிஷ் ரூமுக்கே மாத்திடறேன். அதுல ஒண்ணும் அவமானம் இல்ல."

செவிடன் காதில் சங்கு ஊதுவது என்பார்கள். இங்கே ஊதியவளையே செவிடி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தங்கையிடம் சொன்னாள், நாளைக்கு வேலைக்கு வராதே என்று கெஞ்சினாள். மோதிரம் விஷயத்தில் தப்பு செய்துவிட்டு இப்போது தூண் மேல் பழி போடுகிறாயா என்று தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தங்கை உட்காரும் இடம் அந்த உத்தரத்துக்கு நேர் கீழே.

அடுத்த நாள் காலை காதுக்காரி வந்து பார்க்கும்போது மேசையில் வெள்ளையாகப் பொடி கிடந்தது. துடைத்தாள். பச்சைத் தட்டை எடுத்து வைப்பதற்குள் மறுபடியும் படிந்தது. முழங்கையை ஊன்றினாள். இப்போது 'டிக்' தனியாக வரவில்லை. பின்னாலேயே ஒரு நீண்ட முனகல், பல்லைக் கடித்துக்கொண்டு யாரோ பாரம் தாங்குவது போல. மேலே மெஷின் ஒரு தகட்டை விழுங்கும்போதெல்லாம் அது வந்தது.

கூடத்தில் அத்தனை பேரும் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். படிக்கட்டு ஒன்றுதான். அதன் இரும்புக் கதவைத் திறக்கும் சாவி காவல்காரம்மாவின் இடுப்பில். கத்திச் சொன்னால் சிரிப்பார்கள். அந்தக் கதவு மனிதருக்காகத் திறக்காது. கல்லுக்காகத் திறக்கும்.

கல் காணாமல் போனால் அந்தப் பட்டறையில் ஒரு முறை உண்டு. மின்விசிறிக் காற்றில் பறந்துவிடக் கூடாது என்று கட்டிடத்தின் மெயின் சுவிட்சையே அணைப்பார்கள். மேல்மாடி முதல் கீழ்த்தளம் வரை எல்லோரும் கையை விரித்துக் காட்டியபடி முற்றத்தில் வந்து நிற்க வேண்டும். கல் கிடைக்கும்வரை, தேடுகிற சூப்பர்வைசர் தவிர ஒருவரும் உள்ளே போகக் கூடாது.

மாற்றிப் பதிக்க மேசைத் தட்டில் வைத்திருந்த தனி வைரங்களில் ஒன்றை விரல் நுனியில் ஒட்டி எடுத்தாள். இருமுவது போல வாயைப் பொத்தினாள். கல் நாக்குக்கு அடியில் போய் உட்கார்ந்தது. எழுந்து நின்றாள்.

"கல் ஒண்ணக் காணோம்."

கூடம் நிமிர்ந்தது. காதுக்காரி மேசையில் கல் தொலைவதா? சூப்பர்வைசர் ஓடி வந்தார். மெயின் சுவிட்ச் இறங்கியது. மின்விசிறிகள் மெல்லச் சுழன்று நின்றன. மேலே இரும்பு யானை பெருமூச்சு விட்டு அடங்கியது. வரிசையாக இறங்கினார்கள். தங்கை வாசல் தாண்டும்வரை அவள் தூணின் பக்கத்திலேயே நின்றாள். கடைசியாகத்தான் இறங்கினாள்.

முற்றத்தில் சோதனை தொடங்கியது. நேற்று வரை அவளுக்குப் பயந்தவர்களுக்கெல்லாம் இன்று வாய் வந்துவிட்டது. வேலியே பயிரை மேய்ந்தால் காவலுக்கு யார் என்று ஒருவர் பொதுவாகச் சொன்னார். மேல்மாடி மெஷின்காரர், கல்லைக் கழற்றத்தான் சிவப்புத் தட்டை நிரப்பினாளா, இப்போதல்லவா அர்த்தம் புரிகிறது என்றார். தங்கைக்குப் பொறுக்கவில்லை.

"எங்கக்கா கல்லெடுத்தா, அந்தக் கல்லே வந்து சொல்லிடும். யாரப் பாத்து என்ன பேசறீங்க?"

காதுக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். நாக்குக்கு அடியில் கல் நெருப்பாய் இருந்தது. காவல்காரம்மா அவளுடைய சேலை மடிப்பு, கொண்டை, கைவிரல் இடுக்கு எல்லாம் பார்த்தாள். பிறகு முகத்தருகே வந்து, மன்னிப்புக் கேட்கிற குரலில், வாயைத் திறக்கச் சொன்னாள்.

அவள் திறக்கவில்லை.

முற்றம் அமைதியானது. பேச்சில்லை, மின்விசிறி இல்லை, மெஷின் இல்லை. தங்கையின் முகம் வெளிறியது. அந்த அமைதிக்குள் மேலேயிருந்து சத்தம் வந்தது.

'டிக்.'

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கையில் டார்ச்சோடு கூடத்தில் கல் தேடிக்கொண்டிருந்த சூப்பர்வைசர் படிக்கட்டில் இறங்கி வந்தார். ஓடி வரவில்லை. சத்தம் எழுப்பப் பயப்படுகிறவர் போல, ஒவ்வொரு படியாகக் கால் வைத்து வந்தார். தலைமுடி, தோள், புருவம் எல்லாம் சுண்ணாம்பு.

"கேட்டத் திறங்க" என்றார். "எல்லாரும் ரோட்டுக்குப் போங்க. அந்தப் பக்கம். தூரமா."

தெருவின் எதிர்ப்பக்கத்தில், சுவரோரம் வரிசையாக நின்றார்கள். யாரும் அதட்டாமலே வரிசை கலையாமல் நின்றார்கள். காதுக்காரி கல்லைத் துப்பி, முந்தானையில் துடைத்து, சூப்பர்வைசரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. என்ன அது என்றுகூடக் கேட்கவில்லை. அவர் கண் நடுமாடி ஜன்னல்களின் மேல் இருந்தது. ஒரு ஜன்னலின் சட்டம் கொஞ்சம் கோணலாக நின்றது. காலையில் அது நேராகத்தான் இருந்தது.

தங்கை வந்து அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் கேக்குதா?"

காதுக்காரி ஆமென்று தலையை ஆட்டினாள். காதோரம் எதையும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. கோணல் ஜன்னலின் கண்ணாடி மேலிருந்து கீழாக, அவசரமே இல்லாமல், கீறல் விட்டுக்கொண்டு வந்தது.