எங்கள் படகின் ஐந்தாவது பங்கு

புது ஃபைபர் படகுக்கு ஒரு வாசனை உண்டு. பெயிண்டும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி, தொண்டையில் போய் உட்காரும். பழவேற்காடு ஏரியோரம், கோட்டைக்குப்பம் கரையில் எங்கள் படகு வந்து இறங்கிய அன்று அந்த வாசனை வீடு வரைக்கும் வந்தது... சோற்றில்கூட அடித்தது. எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் படகில் என் கம்மலும் இருந்ததே!

போன வாரம் நம் வாட்ஸப் குரூப்பில் ஒருவர் கேட்டிருந்தார், ஷேர் மார்க்கெட்டால் ஊருக்கு நல்லதா, இல்லை அது வெறும் சூதாட்டமா என்று. ஆளாளுக்கு எழுதினீர்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்புதான். ஆனால் பங்கு என்றால் என்னவென்று தெரியும். அதனால் எழுதுகிறேன்.

நான்கு குடும்பம் சேர்ந்து வாங்கிய படகு அது. தனியாக ஒருவராலும் முடியாது. என் வீட்டுக்காரர் கம்மலைக் கேட்கவில்லை, நானேதான் கழற்றிக் கொடுத்தேன். அப்படியும் இன்ஜினுக்குப் போதவில்லை. பொன்னேரியில் ஐஸ் வியாபாரம் செய்த ஒருவர், இன்ஜினை நான் போடுகிறேன், என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஐந்தாவது பங்கு அவருக்கு.

நல்ல மனிதர்தான். வரும்போதெல்லாம் பிள்ளைகளுக்கு பன் வாங்கி வருவார். இன்ஜின் வந்த பிறகு முகத்துவாரம் வரை போய்த் திரும்புவது எங்கள் ஆண்களுக்கு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. கழி ஊன்றி ஊன்றிக் காய்த்துப்போன கைகள் கொஞ்சம் மெத்தென்று ஆயின... ராத்திரிச் சோறு மிச்சம் வைக்கும் அளவுக்கு அடுப்பு எரிந்தது. பங்கு சேர்ந்தால் நல்லது நடக்காது என்று நான் எப்படிச் சொல்வேன்?

ஆனால் ஒரு தப்பு செய்தோம்.

ஊரில் சாவு விழுந்தால் அன்று யார் படகும் இறங்காது. இதை எங்களுக்குள் யாரும் யாருக்கும் சொன்னது கிடையாது, சொல்ல வேண்டியதும் இல்லை. அதனால் அவரிடமும் சொல்லவில்லை.

அது இறால் காலம். ஏரியில் நல்ல இடங்களைக் குப்பங்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும், அதைப் பாடு என்போம். எங்கள் பாடு வந்த அன்று விடியற்காலையில் எதிர்த் தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். படகுகள் எல்லாம் மணலிலேயே கிடந்தன.

பொன்னேரிக்காரர் ஐஸ் பெட்டிகளோடு வந்து நின்றார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. பெட்டிக்கு அடியில் ஐஸ் உருகி ஒழுகிக்கொண்டிருந்தது, பாவம்.

"செத்தவருக்கு இந்தப் படகுல பங்கு கீதா?" என்றார்.

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் சொன்னேன்.

"படகுல இல்ல சார். ஏரியில கீது."

அவர் விடவில்லை. டச்சுக்காரர் கல்லறை இருக்கும் பக்கம் கையைக் காட்டிப் பேசினார். அந்தக் காலத்தில் அவர்கள் கப்பலே பங்கு போட்டுத்தான் இங்கே வந்ததாம். பங்கு வைத்திருந்தவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்களாம், பழவேற்காட்டைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லையாம். யார் வீட்டில் சாவு என்று பார்த்துக்கொண்டு இருந்தால் கோட்டை கட்டியிருக்க முடியுமா என்று கேட்டார்.

எங்களோடு பங்கு போட்டவள் தேவகி, வாய்க்காரி.

"கோட்டை இப்ப எங்க சார் கீது? கல்லறைதான் நிக்குது."

யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் அவரை அதிகம் சுட்டது என்று நினைக்கிறேன். படகு இறங்காவிட்டால் இன்ஜினைக் கழற்றிக்கொண்டு போய்விடுவேன் என்றார்.

இன்ஜின் போனால் அந்த வருஷத்து இறால் போச்சு. நான்கு வீட்டு அடுப்பும் அதை நம்பித்தான். முதலில் வாய் திறந்தவள் நான் என்பதால் எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"கழட்டிக்குங்க சார், உங்க பொருள்தானே. ஸ்பேனர் வூட்ல கீது, எடுத்தாரேன்."

எடுத்து வந்து கொடுத்தேன். அவர் இன்ஜினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். நாங்கள் சாவு வீட்டுக்குப் போனோம்.

அந்தப் பருவம் முழுக்க மறுபடியும் கழிதான். கிடைத்த மீனைத் தேவகியும் நானும் கூடையில் சுமந்து, பஸ் ஏறி, திருப்பாலைவனம் வரைக்கும் தெருத் தெருவாக விற்றோம். அடுத்த இறாலுக்குள் வேறு இன்ஜின் வாங்கிவிட்டோம். இந்த முறை பங்கு கேட்டு வந்தவர்களிடம் முதல் பேச்சே சாவு நாளைப் பற்றித்தான்.

இப்போது என் பேத்தி போனில் ஷேர் வாங்குகிறாள். சிவப்பும் பச்சையுமாக ஓடுகிறது. என் பெயரிலும் கணக்குத் திறந்து ஒரு பங்கு வாங்கச் சொன்னேன். ஒரு துணி ஆலையில் வாங்கினாள். மற்ற பங்குக்காரர்கள் யார் என்று கேட்டேன்.

"லட்சம் பேர் இருப்பாங்க ஆயா. யாருக்கும் யாரையும் தெரியாது."

அன்றைக்கு மணலில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சண்டை போட்டோம்... அந்தப் பொன்னேரிக்காரரும் எதிரே வந்து நின்றுதானே கேட்டார். இப்போது நினைத்தால் அது எவ்வளவு பெரிய மரியாதை என்று தோன்றுகிறது.

ஆனால் வருஷத்துக்கு ஒரு கூட்டம் உண்டாம். போனிலேயே நடக்குமாம். ஒற்றைப் பங்கு வைத்திருப்பவரும் முன்கூட்டியே பெயர் கொடுத்தால் பேசலாமாம். கொடுக்கச் சொல்லிவிட்டேன். பேத்தி சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

நான் கேட்கப்போவது ஒன்றுதான். உங்கள் ஆலையில் வேலை செய்கிறவர்கள் தெருவில் சாவு விழுந்தால், அன்றைக்கு மெஷின் நிற்குமா?