ஹில்டா குரல் கொடுத்தால்

திரேஸ்புரம் கடற்கரையில் கருவாடு காயப்போடும் ஹில்டாவுக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. புருஷன் இனிகோ சங்கு குளிக்கப் போய்விட்டால் அவளுக்குத் துணை தெருநாய்கள்தான். மீன்தலையைச் சட்டியில் எடுத்துக்கொண்டு "பா... பா..." என்று குரல் கொடுத்தால் போதும், படகுகளுக்கு அடியில் கிடந்ததெல்லாம் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவரும்.

எழுபத்து மூன்றாம் வருஷம் கோடையில், அடுத்த வீட்டுச் செண்பகத்தின் மகளை வெறிநாய் கடித்துவிட்டது. எங்கிருந்தோ வந்த செவலை நாய். முதலில் மந்திரித்துப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது காலம் கடந்திருந்தது. தண்ணீரைக் கண்டு அலறி அலறியே பிள்ளை போய்விட்டது. அடக்கம் முடிந்து திரும்புகையில் செண்பகம் ஹில்டாவிடம், "ஒன் மீன்தலைக்குத்தானளா எல்லா நாயும் இங்கன வருது?" என்றாள்.

மறுவாரம் நகராட்சி மேஸ்திரி செந்தூர்பாண்டி மருந்து கலந்த கறியோடு வந்தார். நாய்கள் அவரை அண்டவே இல்லை.

"நீ கூப்பிட்டா வரும்லா, தாயி?"

அது என்ன மருந்து என்று ஹில்டாவுக்குத் தெரியும். செண்பகம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவே பார்த்தது. ஹில்டா குரல் கொடுத்தாள். வந்தவை அவசரமாக விழுங்கின. ஒரு கறுப்புப் பெட்டை மட்டும் கறியை மோந்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தது. "தின்னு" என்றாள். தின்றது. வெட்டி வெட்டி இழுத்து மணலில் சாய்ந்த பிறகும், அவள் பக்கமாகவே நகர்ந்துவரப் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து, அந்தப் பாவத்தை அழுதுகொண்டே சொன்னாள். "நாயைக் கொன்றது பாவமில்லையம்மா, ஊர் நன்மைக்குத்தானே" என்றார் சாமியார். பாவமில்லை என்றால் மன்னிப்புக்கு எங்கே போவது? கொண்டுபோன கனத்தோடேயே கோயில் படி இறங்கினாள்.

மழைக்காலத்துக்குள் துறைமுகத்துப் பக்கமிருந்து புது நாய்கள் வந்து சேர்ந்தன. மீன்குடல் கிடக்கிற கரையை எது விடும்? ஆளைக் கண்டால் உறுமின, மூலைக்கு மூலை குட்டி போட்டன. செத்தவை வீணாய்ச் செத்தன என்பது அவளுக்குத் தெரிந்துபோயிற்று. செந்தூர்பாண்டி மறுபடி வந்து நின்றார். "வேற ஆளப் பாருங்க அண்ணாச்சி" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிறகு கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் செல்வதுரையிடம் போய், நாய் குட்டி போடாமல் செய்ய வழியுண்டா என்று கேட்டாள்.

"ஆபரேஷன் பண்ணலாம். வெறி வராம ஊசியும் போடலாம். பழைய எடத்துலயே விட்டா, வெளிநாயையும் அது உள்ள விடாது. ஆனா தெருநாயை யாரும்மா பிடிச்சுக் கொண்டாருவா?"

"நான் கூப்பிட்டா வரும், சார்." செந்தூர்பாண்டி அன்றைக்குக் கேட்ட அதே சொல் என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

புது நாய்கள் அவளை நம்ப மாதக்கணக்காயிற்று. நம்பிக் கிட்டே வந்தபோது அவளால் அவற்றின் கண்ணைப் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு பெட்டையாகப் பனையோலைக் கடகத்தில் வைத்து, பழைய வலையால் மூடிக் கட்டிச் சுமந்து போனாள். "நாய்க்கும் குடும்பக் கட்டுப்பாடா?" என்று கரையே சிரித்தது. இனிகோ, "ஒனக்குக் கிறுக்கு" என்றான். தையல் ஆறும்வரை குசினியில் அடுப்போரம் கிடத்திக் கஞ்சி ஊற்றினாள். ஆபரேஷன் ஆனதற்கு அடையாளமாக நாயின் காதோரம் டாக்டர் சின்ன வெட்டு ஒன்று போட்டு அனுப்புவார். அதைக் கண்டால் செந்தூர்பாண்டி தொடமாட்டார்.

இரண்டு மூன்று வருஷத்தில் கரையில் குட்டிகள் அருகிப்போயின. சிரித்த வாயெல்லாம் அவளைப் புண்ணியவதி என்றது. அந்தச் சொல் காதில் விழுந்தால் ஹில்டா எழுந்து போய்விடுவாள்.

ஒரு காலையில் பெட்டை ரொம்பக் கனத்தது. கடகத்தைத் தூக்கிவிட ஆளில்லை. செண்பகம் வந்து ஒரு பக்கம் பிடித்தாள். பிள்ளையை அடக்கம் பண்ணிய நாளுக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டதில்லை.

"அதுக்கு வலிக்குமாளா?"

"மயக்க ஊசி போடுவாக."

கொஞ்ச தூரம் போனதும், "அன்னைக்கு நான் சொன்னதாலதான் நாய்களக் கூப்பிட்ட, இல்லையா?" என்றாள் செண்பகம்.

"இல்லளா. தெருவுல யாரும் என்னைய ஏசக்கூடாதுன்னு கூப்பிட்டேன்."

செண்பகம் கடகத்தைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். வெயில் ஏறுமுன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.