நார்த்தூளை மட்டம் தட்டும் கிரெடிட் கார்டு

கிரெடிட் கார்டைப் பிடித்து நாலே இழுப்பு. தொண்ணூற்றெட்டுக் குழி ட்ரேயின் மேல் குவிந்திருந்த தேங்காய் நார்த்தூள் மறு ஓரத்தில் போய் விழுகிறது. கார்டை முந்தானையில் துடைத்துவிட்டு, மிக்கேலம்மாள் அடுத்த ட்ரேயை இழுத்துக்கொள்கிறார்.

மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோடு போகும் ரோட்டோரம், பச்சை வலைக்கடியில் தக்காளி நாற்று வளர்த்து விற்கிறார். வயது ஐம்பத்திரண்டு. அவர் நாற்றெடுத்துக் கொடுப்பதைப் பார்க்க வேண்டும். பிறந்து எட்டு நாளான பிள்ளையின் கழுத்துக்குக் கை கொடுப்பதுபோல, வேருக்கு அடியில் இரண்டு விரல் போய் நிற்கும். வாய்தான் அதற்கு நேர் எதிர். "தொடாம பாருங்க! கண்ணு மூஞ்சியில தான இருக்குது, வெரல்லயா இருக்குது?" என்று வாங்க வந்தவர்களையே அதட்டுவார்.

ஆறு வருஷத்துக்கு முன்பு, பேங்க் வாசலில் மேசை போட்டிருந்த ஒரு பெண் கெஞ்சிக் கேட்டாள் என்று வாங்கிய கார்டு. அதில் ஒரு தீப்பெட்டிகூட வாங்கியதில்லை. மட்டம் தட்டும் பலகை உடைந்த ஒருநாள், கைக்கு அகப்பட்டது இதுதான். இரும்பு ஸ்கேல் தோண்டும், அட்டை ஊறிவிடும். இது வளைந்து கொடுத்து நிமிர்ந்தது. இழுத்து இழுத்து ஒரு ஓரம் பிறைபோலத் தேய்ந்து, அவர் கைக்கென்றே ஆகிவிட்டது. குழியெல்லாம் ஒரே மட்டம், அதனால் விதையெல்லாம் ஒரே நாளில் முளைக்கும்.

இதுவரை கட்டணம் எதுவும் இல்லாத கார்டுக்கு, வரும் ஐந்தாம் தேதியிலிருந்து வருஷத்துக்கு ஐந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய் என்று மெசேஜ் வந்தது. ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் ஆக்சிலியா, ஞாயிற்றுக்கிழமை வந்தவள் சிரித்தாள்.

"ஏம்மா, அறுநூறு ரூவா குடுத்து சொரண்டி வெச்சிருக்கறவ இந்த ஊருலயே நீ ஒருத்திதான்."

"மூடிரலாம்னுதான் பேங்குக்குப் போன் போட்டேன் கண்ணு. கார்ட நாலா வெட்டிப்புட்டீங்களான்னு கேக்குது அந்தப் புள்ள. பதில் சொல்லாம வெச்சுட்டேன்."

"வெட்டிட்டேன்னு சொல்லிட்டு நீயே வெச்சுக்க. அவ என்ன வூட்டுக்கு வந்தா பாக்கப் போறா?"

மிக்கேலம்மாளின் கை நின்றது.

"நாத்துல எது எந்த ரகம்னு யாருக்குத் தெரியும்? எல்லாம் பச்சையாத்தான் நிக்குது. நான் சொல்ற பேர நம்பித்தான் தூக்கிட்டுப் போறாங்க. காய் புடிச்சாத்தான் வண்டவாளம் தெரியும். பொய் சொல்ற வாயா இருந்தா இந்தக் கடைய எப்பவோ மூடியிருப்பேன்டி."

ஆக்சிலியா தன்னுடைய பழைய ஏடிஎம் கார்டை எடுத்துக் கொடுத்தாள். நாலு ட்ரே இழுத்துப் பார்த்தார். மூலைக் குழிகளில் மேடு நின்றது.

"பழகுனா வந்துரும்மா."

"வரும் வரும். பழசு இந்த வளைவுக்கு வந்து சேர ரெண்டு வருஷம் ஆச்சு."

அந்த வாரம் சின்னராஜ் என்ற விவசாயிக்கு இருபதாயிரம் நாற்று போட வேண்டியிருந்தது. விலை கூடின விதை, அவரே வாங்கிக் கொடுத்தது. அதில், மகள் கொடுத்த கார்டை வைத்துப் பழகிப் பார்க்க மிக்கேலம்மாளுக்கு மனசு வரவில்லை. இருநூறு ட்ரேக்கு மேல், பிறை தேய்ந்த ஓரத்தாலேயே இழுத்தார். நான்காம் தேதி சாயங்காலம் கடைசி விதையும் குழிக்குள் போனது.

கார்டைக் குழாயடியில் கழுவித் துடைத்தார். பேங்குக்குக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு ஒரு காலி ட்ரேயின் மேல் வைத்தார்.

"கார்ட கட் பண்ணிட்டீங்களா மேடம்?"

"லைன்லயே இரும்மா."

கத்தரிக்கோலை எடுத்தார். நடுவில் ஒரு வெட்டு. "ஹலோ மேடம்?" என்றது போன். மிக்கேலம்மாள் குனிந்து, இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து, கத்தரியோடு போனுக்கு ஒட்டினாற்போல் கொண்டுபோய், இரண்டாவது வெட்டை நிதானமாகப் போட்டார்.

"கேட்டுச்சாம்மா?"